‘போத்தல் இல்லாட்டி நித்திரையே இல்லை!’

பிள்ளை நலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகளுக்கு 16 மாதம். ஒரு நாளைக்கு ஐந்து போத்தல் பால்மா குடிக்கிறாள். சோற்றைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். கோப்பையில் பால் கொடுத்தால் ஒரு மிடறு எடுத்துவிட்டுத் துப்புகிறாள். எப்படி மாற்றுவது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: போத்தலின் அளவை நீங்கள் எழுதவில்லை. 180 மி.லீ. என்று வைத்தாலும் ஐந்துக்கு 900. ஒரு வயது கடந்த பிள்ளைக்கு நாளொன்றுக்கு 350 முதல் 500 மி.லீ. வரை பால் போதும். மிச்ச 400 மி.லீ.தான் சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பசுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதையும் அது குறைக்கிறது. பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கு இரத்தச்சோகை வருவது இப்படித்தான். கோப்பைக்கு மாறும்போது பாலின் அளவு குறைந்தால் பயப்பட வேண்டாம். குறையத்தான் வேண்டும்.

ஐந்தையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பிள்ளைக்கு அதிகம் பிடிப்பில்லாத போத்தல் எது என்று பாருங்கள். பல வீடுகளில் அது காலை பத்து மணிப் போத்தல். முதலில் அதை எடுத்துவிட்டு, அந்த நேரத்துக்கு வாழைப்பழமோ நன்றாக அவித்த முட்டையில் பாதியோ கொடுத்து, கோப்பையில் தண்ணீர் வையுங்கள். நாலைந்து நாள் கழித்துப் பிற்பகல் போத்தல், அதன்பின் மாலை, அதன்பின் காலையில் எழுந்ததும் கேட்பது. நித்திரைப் போத்தல் கடைசி. மூன்று, நான்கு கிழமையில் முடியும். 12 மாதத்தில் தொடங்கி 18 மாதத்துக்குள் முடிப்பது நல்லது, உங்களுக்குப் பிந்திவிடவில்லை.

இனித் துப்பும் விஷயம். சூப்பியில் நாக்கு முன்னும் பின்னும் அசைந்து பாலை இழுக்கும். கோப்பையில் கீழுதடு விளிம்பை அணைக்க வேண்டும், தாடை ஆடாமல் நிற்க வேண்டும். பிள்ளைக்கு இது புது வேலை. பால் பிடிக்காமல் துப்புவதைவிட, ஒரேயடியாக வாய் நிறைந்துவிடுவதால் துப்புவதுதான் அதிகம்.

60 முதல் 90 மி.லீ. மட்டும் கொள்ளும் சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுங்கள். பாதிக்கு மேல் பால் இருக்கட்டும். பெரிய கோப்பையின் அடியில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுப்பதுதான் பலர் விடும் பிழை: பால் உதட்டுக்கு வருவதற்குப் பிள்ளை தலையைப் பின்னால் சரிக்க வேண்டியிருக்கும், சரித்ததும் பால் சடாரென்று தொண்டைக்குப் போகும், புரைக்கேறும். அதன்பின் கோப்பையைக் கண்டாலே தலையைத் திருப்பிவிடும். பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, டம்ளரின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, பால் மேலுதட்டைத் தொடும்வரை மட்டும் சரியுங்கள். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், ஊற்றாதீர்கள். பிள்ளையே உறிஞ்சி எடுக்கும். ஒரு மிடறு போனதும் டம்ளரை நேராக்கி மூச்சுவிட நேரம் கொடுங்கள்.

முதல் சில நாள் மதியச் சாப்பாட்டோடு தண்ணீரில் பழக்குங்கள், சிந்தினால் துடைத்துவிடலாம். தண்ணீருக்கே இருமுகிறாள் என்றால், சீனி போடாத தயிரை அடித்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொடுத்துப் பாருங்கள். தடிப்பான பானம் மெதுவாக வரும், விழுங்க நேரம் கிடைக்கும். இன்னொன்று, இவ்வளவு நாளும் இளஞ்சூடாகக் குடித்தவளுக்குக் கோப்பையில் மட்டும் ஆறிய பாலைக் கொடுத்தால் அவள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: மகனுக்கு 20 மாதம். பகலில் எல்லாம் கோப்பைதான். இரவில் மட்டும் 180 மி.லீ. போத்தலை வாயில் வைத்தபடியே நித்திரை. நடுச்சாமத்திலும் ஒன்று கேட்கிறான். “வெறும் வயிற்றோடு பிள்ளையைப் படுக்க வைக்காதே” என்கிறார் அம்மம்மா. முன்பல்லில் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. அது என்ன?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: மேலுதட்டைத் தூக்கி, வெளிச்சத்தில் பாருங்கள். முரசை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல மங்கிய வெள்ளைக் கோடு இருந்தால், அது பெரும்பாலும் பற்சிதைவின் முதற்படி. நித்திரையில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பாலிலுள்ள சீனி மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்க, கிருமிகள் அதை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிவிடும். வெள்ளையாக இருக்கும்வரை நிறுத்தவும் திருப்பவும் முடியும். மண்ணிறமாகி விட்டால் பல் கரைந்து குழி விழத் தொடங்கியிருக்கலாம். எதுவானாலும் இந்த மாதமே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். “பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்” என்று விடாதீர்கள். மேல் முன்பற்கள் ஆறு, ஏழு வயதுவரை இருக்க வேண்டியவை.

அம்மம்மா சொல்வதில் பாதி சரி. வெறும் வயிற்றோடு படுக்க வேண்டியதில்லை. ஆனால் வயிற்றை நிரப்ப வேண்டியது இராச்சாப்பாடு. ஆறரை, ஏழு மணிக்குப் பருப்பும் மீனும் பிசைந்த சோறோ, முட்டையோடு இடியப்பமும் சொதியுமோ கொடுங்கள். அரை மணி கழித்து 120 மி.லீ. பால், கோப்பையில், குசினி மேசையில் இருந்து, விளக்கு எரிய. படுக்கையறைக்குள் பால் போகக் கூடாது. அதன்பின் பல் துலக்கல்: 1000 பிபிஎம் புளோரைட் உள்ள பற்பசை, ஓர் அரிசி மணியளவு. துலக்கியபின் தண்ணீர் மட்டும்.

நடுச்சாமப் போத்தலை இரண்டு இரவுக்கு ஒருமுறை 30 மி.லீ. குறையுங்கள்: 180, 150, 120, 90, 60. அறுபதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, எழும்பினால் தட்டிக்கொடுங்கள், தண்ணீர் காட்டுங்கள். பாலில் தண்ணீர் கலந்து நாளுக்கு நாள் ஐதாக்குவோரும் உண்டு. 20 மாதத்தில், பகலில் நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு அதனால் கேடில்லை. ஒரு வயதுக்குக் கீழே அதைச் செய்யவே கூடாது.

அழுகை இரண்டாம், மூன்றாம் இரவில்தான் உச்சம். அன்று இரங்கிக் கொடுத்துவிட்டால், ‘நீண்ட நேரம் அழுதால் கிடைக்கும்’ என்று பிள்ளை படித்துவிடும். அடுத்த தடவை இன்னும் கஷ்டம். அப்பாவோ அம்மம்மாவோ அந்த மூன்று இரவும் பக்கத்தில் படுப்பது உதவும்.

கேள்வி: கடையில் மூக்கு வைத்த கப், ஸ்ட்ரோ கப், சுற்றிவர எந்தப் பக்கத்தாலும் குடிக்கும் கப் என்று பல வகை. எதை வாங்குவது?
– தெஹிவளை வாசகி

பதில்: வீட்டுக்கு மூடியில்லாத சின்ன டம்ளர். வேறெதுவும் தேவையில்லை. வெளியே போகும்போது, 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி முழுக்கக் குலுங்கிப் போவதென்றால், ஸ்ட்ரோ கப். சிந்தாத மூக்குக் கப்பின் மூடிக்குள் ஒரு சிலிக்கன் வால்வு இருக்கிறது. உறிஞ்சினால்தான் அது திறக்கும். அதாவது அது வேறு உருவத்தில் ஒரு போத்தல். அந்த வால்வின் மடிப்பில் பால் தங்கி, கொழும்பு வெக்கைக்குப் புளித்துக் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் வால்வைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். (நம் மூக்குப்பேணி அப்படியல்ல: அதை உறிஞ்சுவதில்லை, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றுவது. அதனால் அதுவும் பிள்ளைக்கு ஆகாது.)

ஸ்ட்ரோவில் உறிஞ்சத் தெரியாத பிள்ளைக்கு: ஸ்ட்ரோவைத் தண்ணீரில் அமிழ்த்தி, மேல் நுனியை விரலால் அடைத்துத் தூக்குங்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கீழ் நுனியை உதட்டில் வைத்து, பிள்ளை வாயை மூடியதும் விரலை எடுங்கள். நாலைந்து தடவையில் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய.

கேள்வி: பாலில் பிஸ்கட் கரைத்துப் போத்தலில் கொடுத்தால் நிறை கூடுமா? சூப்பியின் துளையைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது.
– மட்டக்குளி வாசகர்

பதில்: வேண்டாம். சூடாக்கிய ஊசியால் துளையைப் பெரிதாக்கினால் பால் பாய்ந்து வந்து புரைக்கேறும், இறப்பர் கிழிந்து துண்டு வாய்க்குள் போகலாம். பிஸ்கட்டில் இருப்பது மாவும் சீனியும். பல்லுக்கு இரட்டிப்புக் கேடு. நிறை குறைவு என்றால் வளர்ச்சிப் பதிவேட்டோடு உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்குக்குப் போங்கள். திரிபோஷ (சத்துமா) தந்தால் குழைத்து உருண்டையாகக் கொடுங்கள், போத்தலில் கரைக்காமல்.

கேள்வி: போத்தலை நிறுத்தி மூன்று நாள். எந்தப் பாலையும் தொடுகிறாள் இல்லை. திரும்பப் போத்தலைக் கொடுக்கவா?
– ஒரு தாய், பம்பலப்பிட்டி

பதில்: சாப்பிடுகிறாள், தண்ணீர் குடிக்கிறாள், விளையாடுகிறாள் என்றால் கொடுக்க வேண்டாம். தயிர், சீஸ், முள்ளோடு அரைத்த நெத்தலி, கீரை எல்லாவற்றிலும் கல்சியம் இருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பவர் என்றால் அதைத் தொடருங்கள். பிளேன்ரீயிலோ பால் தேத்தண்ணியிலோ ஈடுசெய்யப் பார்க்காதீர்கள், தேயிலையும் இரும்பைத் தடுக்கும். ஒரு கிழமை கழித்து, நீங்கள் குடிக்கும்போது பக்கத்தில் 30 மி.லீ. பாலோடு டம்ளரை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருங்கள்.

எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, சோர்ந்து கிடக்கிறாள் என்றால் உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். கோப்பையில் குடிக்கும் ஒவ்வொரு தடவையும் இருமல் வருகிறது அல்லது மூக்கால் பால் வருகிறது என்றாலும் காட்டுங்கள். அது பழக்கக் குறை அல்ல, விழுங்குவதில் உள்ள சிக்கலாக இருக்கலாம்.