நியூஸ்: ஒருமையா, பன்மையா, திசையா?

கேள்வி: 'தி நியூஸ் ஆர் பேட்' என்று கட்டுரையில் எழுதினேன். ஆசிரியர் சுழித்துவிட்டார். ஏன்?

பதில்: சுழித்தது சரிதான். 'இஸ்' வர வேண்டும். கடைசியில் எஸ்ஸைக் கண்டதும் பன்மை என்று பாயாதீர்கள். மேத்தமேட்டிக்ஸ், மீசில்ஸ் எல்லாம் ஒருமைதான். ஷேக்ஸ்பியரிடம் 'திஸ் நியூஸ்', 'தீஸ் நியூஸ்' இரண்டுமே உண்டு. அதைக் காட்டி மதிப்பெண் கேட்க முடியாது.

கேள்வி: 'எ குட் நியூஸ்' சரியா?

பதில்: தவறு. நாம் 'ஒரு நல்ல செய்தி' என்கிறோம். ஆங்கிலத்தில் நியூஸை எண்ணக் கூடாது. 'சம் குட் நியூஸ்' என்று எழுதுங்கள். எண்ணியே தீர வேண்டுமென்றால் 'எ பீஸ் ஆஃப் நியூஸ்'.

கேள்வி: நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் ஆகியவற்றின் முதலெழுத்துகள் சேர்ந்துதானே நியூஸ் பிறந்தது?

பதில்: வந்துவிட்டதா! எத்தனை முறை மறுத்தாலும் இந்தக் கட்டுக்கதை சாகாது. பொது அறிவுத் துணுக்காக அச்சிடுபவர்களும் ஓய்வதில்லை. 'நியூ' என்றால் புதியது. அதோடு எஸ் சேர்ந்து 'புதியவை' ஆனது, அவ்வளவுதான். நல்லது என்ற பொருள் தரும் 'குட்', எஸ் சேர்ந்து 'கூட்ஸ்' என்ற சரக்கு ஆகவில்லையா? அதே வழி. பிரெஞ்சின் 'நூவெல்', லத்தீனின் 'நோவா' ஆகியவற்றை முன்மாதிரியாகக் கொண்டு சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் உருவான சொல் இது. அக்காலத்தில் எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதம். டபிள்யூவுக்கும் எஸ்ஸுக்கும் நடுவே சிலர் இ போட்டார்கள், சிலர் ஐ போட்டார்கள். அந்த ஐ எந்தத் திசை ஐயா? முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது ரேடார், லேசர் பிறந்த 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. 1640இல் அச்சான ஓர் ஆங்கிலக் குறும்பாட்டில் இந்த நான்கு திசை விளையாட்டு வருகிறது. அன்று அது வேடிக்கை; இன்று அதை வரலாறு என்கிறார்கள். ஒரு சொல்லுக்கு அழகான கதை கிடைத்தால் முதலில் சந்தேகப்படுங்கள், பிறகு அகராதியைத் திறங்கள்.

கேள்வி: 'பிரேக்கிங் நியூஸ்' என்பதில் எது உடைகிறது?

பதில்: எதுவும் உடையவில்லை. 'டே பிரேக்ஸ்' என்றால் பொழுது புலர்கிறது அல்லவா? அதுபோலச் செய்தி வெளிப்படுகிறது. 'பிரேக் தி நியூஸ்' என்றால், பெரும்பாலும் கெட்ட செய்தியை, உரியவரிடம் முதலில் எடுத்துச் சொல்வது.

கேள்வி: நியூஸ் என்ற சொல்லின் பொருள், தோற்றம், பயன்பாடு முழுவதும் உடனே அனுப்பவும். நாளை தேர்வு.

பதில்: தோற்றம் மேலே இருக்கிறது. பொருளுக்கு அகராதி இருக்கிறது. இரவும் இன்னும் மிச்சம் இருக்கிறது.

கேள்வி: 'தட்ஸ் நியூஸ் டு மீ' என்றார் மேலதிகாரி. பாராட்டா?

பதில்: இல்லை. 'இப்போதுதான் கேள்விப்படுகிறேன்' என்கிறார். முன்பே சொல்லியிருக்க வேண்டிய விஷயமா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: நியூஸா, நூஸா?

பதில்: பிரிட்டனில் நியூஸ், அமெரிக்காவில் பெரும்பாலும் நூஸ். ஒரே பேச்சில் இரண்டையும் கலக்காதீர்கள்.