பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்: பழைய மரச்சாமான் கேள்வி பதில்

பழைய மேஜைக்குப் பெயின்ட் அடிப்பது, யாரோ வேண்டாம் என்று தள்ளிய அலமாரியைத் தேற்றுவது, மிச்சத் துணியையும் காகிதத்தையும் வைத்து ஏதாவது செய்து சுவரில் மாட்டுவது, இந்த மூன்றைப் பற்றித்தான் இந்த முறை கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சிலருக்கு நீளமான பதில், சிலருக்கு ஒற்றை வரி, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, அப்பா காலத்து மர அலமாரி ஒன்று இருக்கிறது. கறுத்துப்போய் அழுது வடிகிறது. வெள்ளை அடிக்கலாம் என்கிறாள் தங்கை, அம்மா கூடவே கூடாது என்கிறார். நீங்கள் யார் பக்கம்?

இப்போதைக்கு அம்மா பக்கம். கறுப்பாகத் தெரிவதில் பாதி அழுக்காகத்தான் இருக்கும். கொஞ்சம் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு ஒரு கதவை மட்டும் துடைத்துப் பாருங்கள். அப்புறம் பின்பக்கம் கண்ணில் படாத இடத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். மேல்பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அதை ஸ்பிரிட்டிலேயே கரைத்து எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம், பெயின்டுக்கு வேலையே இல்லை. டிராயரை வெளியே இழுத்து மூலை இணைப்பையும் பாருங்கள். புறாவால் வடிவத்தில் பல் பல்லாகக் கோத்திருந்து, அந்தப் பற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமாகவும் இருந்தால் கையால் செய்தது. அப்படிப்பட்ட சாமானை வெள்ளையில் மூழ்கடிக்க எனக்கு மனசு வராது. அடித்த பெயின்டைப் பிறகு சுரண்டினாலும் மர ரேகைக்குள் போன வெள்ளை முழுசாக வெளியே வராது என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

துடைத்த பிறகு ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு வெளியில் காய வையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கேள்வி: மைக்கா ஒட்டிய மேஜைக்கு நல்ல பெயின்டாக வாங்கி அடித்தேன். இரண்டே வாரத்தில் நகத்தால் கீறினால் பட்டை பட்டையாக உரிகிறது. எந்தப் பெயின்ட் வாங்கியிருக்க வேண்டும்?

பெயின்ட் மேல் தப்பில்லை. மைக்கா வழவழப்பானது, எதையும் உள்ளே இழுக்காது. அதனால் பெயின்ட் பிடித்துக்கொள்ள இடமே கிடைக்காமல் மேலே ஒரு தாள் போல உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் கீறியதும் அந்தத் தாள் வருகிறது. அடித்ததை முழுக்க எடுத்துவிடுங்கள், உரிகிற ஒன்றின் மேல் எதை அடித்தாலும் அதுவும் சேர்ந்துதான் உரியும். பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுங்கள். தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும், ஏனென்றால் பிசுக்கோடு தேய்த்தால் அதை மேற்பரப்புக்குள்ளேயே அழுத்திவிடுவோம். காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகிற அளவுக்கு மட்டும் தேயுங்கள், மைக்காவைக் கிழித்துவிட வேண்டாம். தூசியை ஈரத்துணியால் எடுத்துவிட்டு, வழவழப்பான பரப்பில் ஒட்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிற பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, ஒரு கை அடியுங்கள். சாதாரண மரப் பிரைமர் இங்கே உதவாது.

இன்னொரு விஷயம், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பது வேறு, பெயின்ட் முழுசாக இறுகியது என்பது வேறு. தண்ணீரில் கலக்கும் பெயின்ட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடக் காய்ந்துவிடும், ஆனால் உள்ளே இறுக மூன்று, நான்கு வாரம் ஆகலாம். அதுவரை கனமான பொருளை வைக்காதீர்கள், சூடான பாத்திரம் கூடாது, ஈரத்துணி போட்டுத் தேய்க்கவும் கூடாது. முந்தாநாள் அடித்த மேஜையில் புத்தகத்தை அடுக்கிவிட்டு அட்டை ஒட்டிக்கொண்டது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்களே, உங்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: செம்மர நிறத்தில் இருந்த கட்டிலுக்கு வெள்ளை எமல்ஷன் அடித்தோம். அங்கங்கே பழுப்புக் கறை கிளம்புகிறது. மூன்று கை அடித்தும் திரும்பத் திரும்ப வருகிறது.

முப்பது கை அடித்தாலும் வரும். தேக்கு, மகோகனி, ஓக் போன்ற மரங்களில் டானின் என்ற கறை விடும் பொருள் இருக்கிறது, பெயின்டில் உள்ள தண்ணீர் அதைக் கரைத்து மேலே இழுத்து வருகிறது. பழைய மரச்சாயமும் இதே வேலையைச் செய்யும். அரக்கு அடிப்படையிலான பிரைமர் ஒரு கை அடித்து அடைத்துவிட்டு, அதன் மேல் வெள்ளை அடியுங்கள். முடிவில் எண்ணெய் வார்னிஷ் போட்டுவிடாதீர்கள், நாளாக ஆக அது மஞ்சளாகும். வெள்ளைக்குத் தண்ணீரில் கலக்கும் வார்னிஷ்தான்.

கேள்வி: சாக் பெயின்ட் அடித்தால் தேய்க்கவே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? வீட்டிலேயே கலக்க முடியுமா?

பாதி உண்மை. ஆனி ஸ்லோன் என்ற பிரிட்டிஷ்காரர் 1990இல் கொண்டுவந்தது இது. பளபளப்பே இல்லாமல் மங்கலாக, சொரசொரப்பாகக் காயும், பெரும்பாலான பரப்புகளில் தேய்க்காமலே பிடிக்கும். ஆனால் பிசுக்கின் மேல் எந்தப் பெயின்டும் நிற்காது, அதனால் கழுவுகிற வேலை போகவில்லை. மெழுகோ வார்னிஷோ போடாமல் விட்டால் கை படும் இடமெல்லாம் கறை ஏறும். மெழுகு பார்க்க அழகு, ஆனால் தினமும் சாப்பிடும் மேஜைக்குத் தாங்காது. அங்கே வார்னிஷ் போடுங்கள்.

வீட்டில் கலக்கலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பங்கு எடுத்து, முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மங்கலான எமல்ஷன் மூன்று பங்கில் ஊற்றிக் கலக்குங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கவும், மிச்சம் வைத்தால் டப்பாவிலேயே கல்லாகிவிடும்.

கேள்வி: பழைய சாமான் வாங்கப் போனால் எதைப் பார்ப்பது? நான் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு வீட்டில் திட்டு வாங்குகிறேன்.

நிறம், கீறல், உடைந்த கைப்பிடி, இவற்றைக் கண்டுகொள்ளாதீர்கள், எல்லாம் மாறக்கூடியவை. முதலில் இரண்டு கையாலும் பிடித்து மூலைக்கு மூலை ஆட்டுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம், சரிசெய்யலாம். ஆனால் ஒட்டுவதற்கு முன் பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும். மரத்துக்கான வெள்ளைப் பசை மரத்தில் பிடிக்கும், பழைய பசையின் மேல் பிடிக்காது. காலே முறிந்து ஆணி அடித்து வைத்திருந்தால் தொடாதீர்கள். மரத்தூள் பலகையில் செய்தது தண்ணீரில் ஊறி ஓரம் உப்பியிருந்தால் அதுவும் வேண்டாம், உப்பியது திரும்ப அமுங்காது.

டிராயரை எல்லாம் வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். மூக்கையும் உள்ளே விடுங்கள். கைப்பிடி மாற்றும் யோசனை இருந்தால் பழைய துளைகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். 64, 96, 128 என்ற அளவுகளில் கைப்பிடி சுலபமாகக் கிடைக்கும், வேறு அளவென்றால் பழைய துளையைப் பட்டி வைத்து அடைத்துவிட்டுப் புதிதாகத் துளைக்க வேண்டியிருக்கும். பித்தளை என்று சொல்லித் தரும் சாமானில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம்.

பஞ்சு, நுரை வைத்த எதையும் நான் அப்படியே வீட்டுக்குள் விடமாட்டேன். தையல் மடிப்பு, ஆணி அடித்த ஓரம், திருகுத் துளை, இங்கெல்லாம் டார்ச் அடித்துக் கரும்புள்ளிகள் இருக்கிறதா பாருங்கள், மூட்டைப்பூச்சியின் அடையாளம் அது. வெயிலில் போட்டால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸ் சூடு உள்ளே வரை போனால்தான் சாகும், வெயில் அந்த ஆழத்துக்குப் போகாது. நாற்காலி பிடித்திருந்தால் துணியையும் நுரையையும் அங்கேயே பிய்த்துப் போட்டுவிட்டு மரச்சட்டத்தை மட்டும் கொண்டுவாருங்கள். படுக்கை மெத்தை? இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: அப்படி வாங்கிய ஸ்டூலுக்குக் கீழே மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. தூக்கிப் போட்டுவிடவா?

அவசரப்படாதீர்கள். குண்டூசித் தலை அளவுக்கு வட்டத் துளைகள் இருக்கும், மரத்தைத் தின்னும் வண்டு வெளியே வந்த வழி அது. துளை பழசா, இப்போதும் உள்ளே பூச்சி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தூளைத் துடைத்துவிட்டுக் கீழே கறுப்புக் காகிதம் விரித்துச் சில வாரம் ஆடாமல் அசையாமல் வையுங்கள். புதிதாகத் தூள் விழுந்தால் உயிரோடு இருக்கிறது, மற்ற மரச்சாமான்களிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள். பூச்சியைக் கொல்லும் போரேட் உப்புக் கரைசல் பூசலாம், ஆனால் வார்னிஷ் மேலே பூசினால் வீண், வெறும் மரத்தில்தான் உள்ளே இறங்கும். சின்னப் பொருள் என்றால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். விரலால் அழுத்தினால் மரம் அமுங்கினால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: உறவினர் வீட்டில் ஐம்பது, அறுபது வருடத்துத் தொட்டில் கொடுத்தார்கள். அடுக்கடுக்காகப் பழைய பெயின்ட். மனைவி கர்ப்பமாக இருக்கிறார். நானே தேய்த்து எடுத்துவிடலாமா சகோதரி?

வேண்டாம். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978இல்தான் தடை செய்தார்கள், பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் கழித்து. காய்ந்தபடி தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூசியாகி வீடு முழுக்கப் படியும், நெருப்பு காட்டி உரித்தால் புகையாக மூச்சில் போகும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் தவழும் குழந்தைக்கும்தான் அது அதிகம் கெடுதல், மூளை வளர்ச்சியையே பாதிக்கும். புதுப் பெயின்ட் அடித்து மூடிவிடலாமே என்று அடுத்து கேட்பீர்கள். பல் முளைக்கும் குழந்தை தொட்டில் கம்பியைக் கடிக்கும், அதனால் அதுவும் கூடாது. உறவினர் மனம் கோணாமல் வாங்கி, நன்றாகச் சுற்றிக் கட்டி, ஆள் புழங்காத இடத்தில் வைத்துவிடுங்கள். குழந்தைக்கு வேறு தொட்டில்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன், பழைய பெயின்ட் எதுவானாலும் ஈயச் சோதனைக் குச்சியால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டும்.

கேள்வி: ட்ரேயில் பூப்போட்ட காகிதம் ஒட்டினால் சுருக்கம் விழுகிறது. அச்செடுத்த படம் ஒட்டினால் மை கலைகிறது.

ஈரம் பட்டதும் காகிதம் விரியும். ஒட்டிய பிறகு விரிந்தால் சுருக்கம், அதனால் ஒட்டுவதற்கு முன்பே லேசாக ஈரம் காட்டி விரியவிட்டு, பசையைப் பரப்பில் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். மை கலைவது இன்க்ஜெட் அச்சு, லேசர் அச்சு கலையாது.

கேள்வி: வாடகை வீடு, ஆணி அடிக்க விடமாட்டார்கள். கைவேலை எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், பாட்டில், ஜாடி, காகிதப்பூ, நூல் தொங்கல். ஆனாலும் அறை மாறின மாதிரியே இல்லை அக்கா.

மாறாததற்குக் காரணம் நீங்கள் சொன்ன அந்தப் பட்டியல்தான் என்று நினைக்கிறேன். எல்லாம் கையளவுப் பொருள்கள், வாசலில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எதுவும் தனியாகத் தெரியாது, கூட்டம்தான் தெரியும். ஒரு நாள் அத்தனையையும் எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டு வெறும் அறையைப் பாருங்கள். பிறகு பெரிதாக ஒன்றே ஒன்று செய்யுங்கள். நல்ல துணியைச் சட்டத்தில் இழுத்து மாட்டிச் சுவரில் சாய்த்து வைக்கலாம், ஆணியே வேண்டாம். அல்லது அறையில் இருக்கிற பெரிய மரச்சாமானின் நிறத்தை மாற்றுங்கள், அதுவும் வீட்டுக்காரருடையது என்றால் கேட்டுக்கொண்டு. நிறத்தைக் கடையில் முடிவு செய்யாமல் ஓர் அட்டையில் அடித்து அதே இடத்தில் வைத்துப் பகலிலும் பாருங்கள், விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள். 2700 கெல்வின், அதாவது மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு போட்ட அறையில் சாம்பல் நிறம் வேறு ஆளாகிவிடும். பெட்டிக்குள் போனதில் இரண்டு மூன்று மட்டும் திரும்ப வரட்டும், அதுவும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.

சில்லறைக் கேள்விகள்

டிராயர் இறுகுகிறது: ஓடுகிற கட்டையில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து இன்னும் இறுகும்.

டிராயருக்குள் புழுங்கின வாடை: வெயில், காற்று, ஒரு வாரம் கரித்துண்டு. போகவில்லை என்றால் உள்பக்கம் அரக்குப் பூச்சு, அதோடு அடங்கிவிடும்.

பிரஷ் கோடு விழுகிறது: கெட்டியாக அடிக்கிறீர்கள், காய ஆரம்பித்த இடத்தில் திரும்ப இழுக்கவும் செய்கிறீர்கள். மெல்லிசாக இரண்டு, மூன்று கை அடியுங்கள், நடுவே 220 எண் தாளால் ஒரு தேய்ப்பு. பெரிய பரப்புக்கு நுரை ரோலர்.

நாற்காலி சீட்டுக்குத் துணி மாற்றினால் கோணலாகிறது: நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டு, எதிரெதிர்ப் பக்கமாக மூலையை நோக்கிப் போங்கள். மூலை கடைசியில்தான்.

துணி சோபாவுக்குப் பெயின்ட் அடிக்கலாமா: அடிக்கலாம். உட்காரத்தான் பிடிக்காது.