பகடையைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, ரோல்பிளேயிங் கேமை (ஒரு கேரக்டராக நம்மை வைத்துக்கொண்டு ஒரு கதைக்குள் ஆடும் ஆட்டம்) தனியாகவும் ஆடலாம், அதற்குக் காசும் வேண்டாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். அதனால் இந்த இதழ் முழுக்க அதுவே. மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் கேமை ஆடும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. சேர்ந்து ஆட ஆள் இல்லை. புத்தகம், விதவிதமான பகடைகள், குட்டி பொம்மைகள் என்று வாங்கக் கையில் காசும் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? (கல்லூரி மாணவர்)

ப: ஒரு நோட்டு, ஒரு பேனா, ஆறு பக்கப் பகடை ஒன்று. இது போதும், நிஜமாகவே.

வீடியோவில் நீங்கள் பார்த்ததை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ரொம்பச் சின்ன விஷயம். கேம் மாஸ்டர் என்று ஒருவர் சூழ்நிலையைச் சொல்கிறார், மற்றவர்கள் தங்கள் கேரக்டர் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள், அது பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருள்கிறது. தனியாக ஆடும்போது கேம் மாஸ்டரின் நாற்காலி காலி, அந்த இடத்தில் நம் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு பட்டியலை வைத்துக்கொள்கிறோம். இந்த வட்டாரத்தில் அதற்கு ஆரக்கிள் என்று பெயர். விலைக்கு விற்கிற பெரிய ஆரக்கிள்கள் உண்டு, ஆனால் இந்த ஒரு டைஸ் ஆரக்கிளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டால் இன்றைக்கே ஆடலாம். ஆம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டு உருட்டுங்கள். 1 வந்தால் ‘இல்லை, அதுவும் போதாதென்று இன்னொரு தொல்லை’. 2 வந்தால் ‘இல்லை’. 3 வந்தால் ‘இல்லை, ஆனால் ஒரு சின்ன ஆறுதல்’. 4 வந்தால் ‘ஆம், ஆனால் ஒரு சிக்கல்’. 5 வந்தால் ‘ஆம்’. 6 வந்தால் ‘ஆம், நினைத்ததைவிடக் கூடுதலாகவே’. நடக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுங்கள், குறைவு என்றால் சின்ன எண்ணை. பெரியதை எடுக்கும்போது ‘ஆம்’ பக்கம் வர 75 சதவீத வாய்ப்பு, சின்னதை எடுத்தால் 25.

சும்மா சொன்னால் புரியாது, ஆடியே காட்டுகிறேன். என் கேரக்டர் ஒரு கடிதம் சுமக்கும் பெண். இரவு, ஆற்றங்கரை, விடிவதற்குள் அக்கரை போய்க் கடிதத்தைச் சேர்க்க வேண்டும். படகோட்டி துறையில் இருக்கிறானா? நடு ராத்திரி ஆயிற்றே, வாய்ப்பு குறைவு, இரண்டு முறை உருட்டினேன், 4, 2. சின்னது 2, ஆக இல்லை. சரி, படகாவது இருக்கிறதா? 4. ஆம், ஆனால் சிக்கல். படகுக்குள் யாரோ சுருண்டு படுத்திருப்பதாக வைத்துக்கொண்டேன். அது யார்? இதற்கு ஆம், இல்லை உதவாது. கைக்கு எட்டிய புத்தகத்தை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தேன், ‘கடன்’ என்ற சொல். அப்படியென்றால் கடன்காரர்களிடமிருந்து ஓடிவந்தவன். அவனைத் தேடி ஆட்கள் வருகிறார்களா? ஐயோ, வர வேண்டாமே என்று நினைத்துக்கொண்டே உருட்டினேன், விழுந்தது 6. வருகிறார்கள், அதற்கு மேலும் ஏதோ இருக்கிறது. என்ன அந்த மேலும் என்று யோசித்தபோது சட்டென்று பொறி தட்டியது, என் பெண் சுமந்துகொண்டிருக்கும் கடிதமே அந்தக் கடன் கொடுத்தவனுக்குத்தான் போகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போது அவள் அதைப் பிரிப்பாளா?

நாலே கேள்வி. உட்காரும்போது இதில் எதுவும் என் தலையில் இல்லை.

கே: கேட்பதும் நான், பதிலுக்கு அர்த்தம் சொல்வதும் நான். இது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது ஆகாதா? (அலுவலகம் போகும் வாசகி)

ப: ஆகும், கேள்வியைத் தவறான இடத்தில் கேட்டால்.

தனியாக ஆடுவதில் உண்மையிலேயே கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. பதில் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்திருந்தால் உருட்டாதீர்கள், அப்படியே நடந்ததாக எழுதிவிட்டுப் போங்கள். கதவு பூட்டியிருக்கிறதா, ஜன்னல் திறந்திருக்கிறதா, மழை பெய்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் உருட்டினால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும், கதையும் தலையும் காலும் இல்லாமல் போகும். இரண்டு பதிலில் எது வந்தாலும் கதை வேறு திசையில் போகும், எது வரும் என்று உங்களுக்கே தெரியாது, ஒரு பதில் வராமல் இருந்தால் தேவலை என்று உள்ளூர ஒரு பயமும் இருக்கிறது என்றால் அங்கே கேளுங்கள். கேட்டபின் வந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்ட ஆரம்பித்தால்தான் நீங்கள் சொல்கிற ஏமாற்று வேலை. அதற்குப் பேசாமல் கதை எழுதிவிடலாம், அதுவும் நல்ல காரியம்தான்.

வந்த பதில் ஏற்கெனவே எழுதியதோடு சுத்தமாகப் பொருந்தவில்லை என்றால் மட்டும், முதலில் தோன்றும் அடுத்த விளக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ரொம்ப நேரம் யோசித்தால் உங்களுக்கு வசதியான விளக்கமாகப் பார்த்துத்தான் மனசு தேடும்.

கே: பகடைகூட இல்லை சார். (பெயர் வேண்டாம் என்றவர்)

ப: ஆறு பட்டைப் பென்சில் இருக்கிறதா? பட்டைக்கு ஒன்றாக 1 முதல் 6 வரை எழுதி மேஜையில் உருட்டுங்கள், மேலே நிற்கும் எண்தான் உங்கள் எண். இல்லையா, துண்டுக் காகிதங்களில் எண் எழுதி ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு மாறிவிடும். இதைக் கேவலமாக நினைக்காதீர்கள். 1979 வாக்கில் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆரம்பநிலைப் பெட்டியிலேயே பகடைக்குப் பதிலாக எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளைத்தான் போட்டுக் கொடுத்தார்கள்.

சீட்டுக்கட்டு இருந்தால் ராஜா, ராணி, ஜாக்கியை எடுத்துவிடுங்கள், ஏஸ் முதல் 10 வரை மிஞ்சும், அது பத்துப் பக்கப் பகடை. இருபது பக்கம் வேண்டுமா? ஒரு சீட்டை எடுங்கள், கூடவே ஆறு பக்கப் பகடையை உருட்டுங்கள், ஒற்றைப்படை வந்தால் சீட்டின் எண், இரட்டைப்படை வந்தால் அதோடு 10 கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே பகடையை இரண்டு முறை உருட்டி முதலாவதைப் பத்தாம் இடமாகவும் இரண்டாவதை ஒன்றாம் இடமாகவும் படித்தால் 11 முதல் 66 வரை 36 விதமான விடைகள் கிடைக்கும், விழுந்த எண்ணைப் பார்த்து ஓர் ஆளையோ சம்பவத்தையோ எடுத்துக்கொள்ளும் பல இலவசப் பட்டியல்கள் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. போனில் உருட்டும் ஆப்களும் சும்மா கிடைக்கின்றன. ஆனால் போனைக் கையில் எடுத்தால் நாம் எங்கே போவோம் என்று உங்களுக்கே தெரியும்.

கே: இலவசம் என்று நிறைய இருக்கிறது. திருட்டு பிடிஎஃப் வேண்டாம். எதை எடுப்பது? (புத்தகப் பிரியர்)

ப: திருட்டு வேண்டாம் என்ற நினைப்புக்கே ஒரு சபாஷ். தேவையும் இல்லை. ட்ரைவ்த்ருஆர்பிஜி, இட்ச்.ஐஓ இரண்டு தளங்களிலும் எழுதியவர்களே முழு விதிகளையும் சும்மா கொடுத்திருக்கிறார்கள். ‘விரும்பியதைக் கொடுங்கள்’ என்று போட்டிருந்தால் பூஜ்ஜியம் போடலாம், தப்பே இல்லை. இட்ச்சில் விலை போட்ட சில விளையாட்டுகளுக்கும், காசில்லாதவர்களுக்கு என்று கம்யூனிட்டி காப்பி என்ற பெயரில் சில பிரதிகளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். உண்மையிலேயே இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் அயர்ன்ஸ்வார்ன். ஷான் டாம்கின் எழுதியது, 2018இல் வந்தது, பிடிஎஃப் முழுசாக இலவசம், தனியாள் ஆடுவதையும் யோசித்தே எழுதப்பட்டது, ஆரக்கிள் பட்டியல்களும் உள்ளேயே இருக்கின்றன. உங்கள் கேரக்டர் இரும்பின் மேல் ஒரு சபதம் எடுக்கும், ஆட்டம் அதைச் சுற்றித்தான். ஏதாவது ஆபத்தான காரியம் செய்யும்போது ஓர் ஆறு பக்கப் பகடையில் வந்ததோடு உங்கள் திறமை எண்ணைக் கூட்டி, இரண்டு பத்துப் பக்கப் பகடைகளோடு மோத விடுகிறீர்கள். இரண்டையும் தாண்டினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் தாண்டினால் அரைகுறை வெற்றி, எதையும் தாண்டாவிட்டால் தோல்வி. சமமாக வந்தாலும் தாண்டியதாகாது.

திறமை எண் 2 என்று வைத்துக் கணக்குப் போட்டால் முழு வெற்றி சுமார் 23 சதவீதம், அரைகுறை 44, தோல்வி 33. அரைகுறைதான் அதிகம் என்பதைக் கவனியுங்கள். நினைத்தது நடக்கும், ஆனால் ஏதோ ஒன்றை இழப்பீர்கள். கேம் மாஸ்டர் உட்கார்ந்து தொல்லை கொடுக்க வேண்டிய வேலையை இந்தக் கணக்கே செய்துவிடுகிறது.

அது பெரிய புத்தகமாகத் தெரிந்தால் ஜான் ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ், 2013, மொத்த விதியும் ஒரே பக்கம். 2 முதல் 5க்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அறிவால் செய்கிற வேலை என்றால் அந்த எண்ணுக்குக் கீழே உருட்ட வேண்டும், மனசால் செய்கிற வேலை என்றால் மேலே. எண் 5 என்றால் இயந்திரம் ரிப்பேர் செய்வதில் கில்லாடி, ஆளைச் சமாதானப்படுத்துவதில் சொதப்பல், அதிலேயே ஒரு கேரக்டர் வந்துவிட்டது பாருங்கள். சரியாக அதே எண் விழுந்தால் கேம் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டு உண்மையான பதிலைப் பெறலாம் என்று விதி. தனியாள் அங்கே ஆரக்கிளைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

குகை, புதையல், பூதம் என்று போக ஆசையா, யோகாய் கால் எழுதிய கெய்ர்ன் எடுங்கள். அதுவும் இலவசம். அடித்தால் படுமா படாதா என்று உருட்டுவதே கிடையாது, நேரே எவ்வளவு சேதம் என்றுதான் உருட்ட வேண்டும். அதனால் சண்டை சீக்கிரம் முடியும், நீங்களும் சீக்கிரம் முடிந்துவிடக்கூடும், ஆகவே சண்டைக்குப் போகாமல் வழி தேடுவீர்கள். ஆரக்கிளை மட்டும் நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்? அதன் 5ஆம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பும் 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற) உரிமத்தில் இலவசமாகவே இருக்கிறது. இருந்தாலும் முதல் ஆட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன். நாலைந்து பேர் கூட்டமாகப் போவதை மனதில் வைத்து எழுதிய விதிகள் அவை, ஒற்றை ஆள் மாட்டினால் முதல் சண்டையிலேயே சட்னி.

கே: என் போன் நிறைய இலவச பிடிஎஃப் சேர்த்துவிட்டேன். இன்னும் ஒன்றைக்கூட ஆடவில்லை. (அதே பழக்கமுள்ள பலர்)

ப: தெரியும். காசில்லாதவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற ஒரே ஆபத்து இதுதான். டவுன்லோட் செய்வதே ஆடிவிட்ட திருப்தியைக் கொடுத்துவிடும். மூன்று ஆட்டம் முடியும் வரை புதிதாக எதையும் இறக்காதீர்கள்.

கே: நாலு பேர் சேர்ந்தால்தான் அது நிஜமான ரோல்பிளேயிங், தனியாக ஆடுவது இப்போது வந்த ஃபேஷன் என்கிறான் நண்பன். (பந்தயம் கட்டியவர்)

ப: பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது 1974. அடுத்த வருடமே அதை வெளியிட்டவர்களின் செய்தி இதழில், முதல் இதழிலேயே, தனியாக ஆடுவதற்கான பட்டியல்கள் வந்துவிட்டன. 1976இல் டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் என்ற போட்டி விளையாட்டுக்கு பஃபலோ காஸில் என்று ஒற்றை ஆளுக்கான சாகசப் புத்தகமே வந்தது. கூட்டம் சேராத ஆட்கள் அப்போதும் இருந்தார்கள்.

கே: ஏஐயைக் கேம் மாஸ்டராக வைத்துக்கொண்டால் என்ன? (ஐடி வாசகர்)

ப: வைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் அது ரொம்ப நல்ல பிள்ளை, அதுதான் பிரச்சினை. காவலாளியை ஏமாற்றிவிட்டு உள்ளே போகிறேன் என்றால் ஆகா போங்கள் என்று கதவைத் திறந்துவிடும். நேற்று செத்தவன் இன்றைக்கு வந்து டீ கேட்பான். பெயர்கள், ஊர்கள், வதந்திகள் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், அதற்கு நல்ல உதவி. தீர்ப்பு மட்டும் பகடையிடம் இருக்கட்டும்.

கே: தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டு முணுமுணுத்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? (கூட்டுக் குடும்பத்து வாசகர்)

ப: நோட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்குப் படிப்பதாக நினைப்பார்கள்.

கே: நடந்ததையெல்லாம் கதைபோல எழுத ஆரம்பித்தேன். கை வலிக்கிறது, ஆட்டம் நகரவே இல்லை. எவ்வளவு எழுதலாம்? (முதல் கேள்வி கேட்டவரின் தங்கையாம்)

ப: அழகாக எழுத வேண்டும் என்று யார் சொன்னார்கள்? எழுத்துதான் பிடித்திருக்கிறது என்றால் பக்கம் பக்கமாக எழுதுங்கள், ஆட்டம் மெதுவாகப் போகட்டும். ஆடத்தான் ஆசை என்றால் ஒரு காட்சிக்கு ஒரு வரி போதும். கேள்வி, விழுந்த எண், அதற்கு நீங்கள் கொடுத்த அர்த்தம். ‘படகு உண்டா? 4. உள்ளே ஒருவன், கடனாளி.’ இப்படித்தான் என் நோட்டில் இருக்கிறது, வேறு யார் படித்தாலும் ஒன்றும் புரியாது. கடைசிப் பக்கத்தில் இரண்டு பட்டியல் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இதுவரை வந்த ஆட்களின் பெயர்கள். இன்னொன்று, இன்னும் முடியாத விவகாரங்கள், பிரிக்காத கடிதம், திருப்பிக் கொடுக்காத கடன், பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். கதை நின்று போனால் அந்த இரண்டாவது பட்டியலில் எண் போட்டு ஒன்றை உருட்டி எடுங்கள், அது இப்போதே வாசலில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொண்டு அடுத்த காட்சியை ஆரம்பியுங்கள்.

எழுந்து போகும்போது காட்சியை முடித்துவிட்டுப் போகாதீர்கள். பகடையைக் கேட்க வேண்டிய கேள்வியை எழுதி, உருட்டாமல் நோட்டை மூடுங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்காது. அண்ணனிடமும் சொல்லுங்கள், இன்னும் அவர் ஆரம்பிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.