வீடு வாடகைக்குப் போகவில்லையே!

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் சித்திரையிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. பார்க்க வருகிறவர்கள், 'வீட்டில் கேட்டுச் சொல்கிறோம்' என்று நழுவிவிடுகிறார்கள். மாடுலர் கிச்சன் போட்டால் ஆள் வரும் என்கிறார் புரோக்கர். செலவு செய்யலாமா?
- வாசகி, கடலூர்

பதில்: கிச்சன் பணத்தை அப்படியே வையுங்கள், அம்மா. புரோக்கருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்! கதவைத் திறந்ததும் வாடை அடிக்கிறதா, பாருங்கள். பூட்டிய வீட்டில் பாத்ரூம் சல்லடைக்குக் கீழே வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும். பிறகு சாக்கடை நாற்றமும் கரப்பானும் அந்த வழியாகத்தான் ஏறிவரும். வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், போதும்.

அடுத்து சுவர். கடலோர ஊரில் அடிச்சுவர் உப்புப் பூக்காத வீடு அபூர்வம். அதன்மேலேயே பெயிண்ட் அடித்தால் ஐப்பசி மழைக்குள் உரிந்து தொங்கும். பூச்சைக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு அப்புறம் அடியுங்கள். ஜன்னல் கம்பித் துருவையும் தேய்த்துவிட்டு ரெட் ஆக்சைடு ஒரு கை.

கீழ்த்தளத்துக்குத் தனி மீட்டர் உண்டா? இல்லாவிட்டால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதைக் குடிவருபவர் கட்டாயம் கணக்குப் போடுவார்.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கிறீர்களோ? 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை மூன்று மாத வாடகைதான் வரம்பு. ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும்.