மூடாத முதுகுத்தண்டுக்குக் கருப்பையிலேயே சிகிச்சை: கேள்வி பதில்

20 வார ஸ்கேனில் குழந்தைக்கு முதுகுத்தண்டு மூடவில்லை என்றார்கள். பிறந்த பிறகு தைத்தால் போதாதா, டாக்டர்?

அதுவும் முறையான சிகிச்சைதான். ஆனால் திறந்து கிடக்கும் தண்டுவடம் பனிக்குட நீரில் ஊறியும் உரசியும் நாளாக ஆகக் கெடுகிறது. மூளைத் தண்டுவட நீர் அந்த வழியே கசிவதால் சிறுமூளை கழுத்துப் பக்கம் இறங்கி, தலையில் நீர் கோக்கிறது. 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிறந்தபின் தைத்த குழந்தைகளில் 82 சதவீதத்தினருக்கு ஒரு வயதுக்குள் நீர் வடிக்கும் ஷன்ட் குழாய் வைக்க வேண்டியிருந்தது. வயிற்றுக்குள்ளேயே தைத்தவர்களில் அது 40 சதவீதம்.

அப்படியானால் நடந்துவிடுமா?

உறுதி தர முடியாது. அதே ஆய்வில் இரண்டரை வயதில் துணையின்றி நடந்தவர்கள் 42 சதவீதம். பிறந்தபின் தைத்தவர்களில் 21. பட்டுப்போன நரம்பு திரும்பாது, மிச்சமிருப்பதைத்தான் காப்பாற்றுகிறோம். சிறுநீர், மலம் அடக்குவதில் சிரமம் தொடரலாம்.

கருப்பையை வெட்டித் திறக்காமல் துளை போட்டும் செய்யலாமாமே, அது எப்படி?

அமெரிக்காவின் ஹூஸ்டனில் டாக்டர் மைக்கேல் பெல்ஃபோர்ட் குழு 2014 முதல் செய்யும் முறையைச் சொல்கிறேன். தாயின் வயிற்றைத் திறந்து கருப்பையை வயிற்றுக்கு வெளியே தூக்கி வைப்பார்கள். ஆனால் கருப்பையை வெட்டித் திறப்பதில்லை. சில மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு துளைகள். பனிக்குட நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு கார்பன் டை ஆக்சைடு நிரப்பினால்தான் கேமராவுக்கு இடம் தெளியும். சிசுவுக்கும் வலிமருந்து ஊசி உண்டு. அரைக் கிலோவை ஒட்டிய உடம்பு. அதன் முதுகுத்தோலை இழுத்துச் சேர்த்துத் தைக்கிறார்கள்.

என் மனைவிக்கு என்ன ஆபத்து, சார்?

எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நோயில்லாத ஒரு பெண், தன் குழந்தைக்காகக் கத்திக்கு உடன்படுகிறாள். கருப்பையை வெட்டிச் செய்தால் அந்தத் தழும்பு பிரசவ வலியில் பிளக்கக்கூடும்; அதனால் இந்தப் பிரசவமும் இனி வருவதும் சிசேரியன்தான். துளை முறையில் சுகப்பிரசவத்துக்கு வழி உண்டு. நான் அதன் பக்கம் சாய்வது இதற்காகத்தான். ஆனாலும் பனிக்குடம் முன்கூட்டியே உடைவது, குறைமாதப் பிரசவம் இரண்டும் இதிலும் உண்டு. முடிவு உங்கள் மனைவியுடையதாக இருக்கட்டும்.

தங்கைக்கு 27 வாரம். தாமதமாகிவிட்டதா?

ஆம், அந்த ஆய்வில் 26 வாரத்துக்கு முன்பே செய்தார்கள். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சையும் நரம்பியல் அறுவை நிபுணரும் உள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு இப்போதே பதிந்துவிடுங்கள்.

முதல் குழந்தைக்கு இப்படி இருந்தது. அடுத்ததற்கு?

கருத்தரிக்க ஒரு மாதத்துக்கு முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள். உங்களுக்குச் சாதாரண 400 மைக்ரோகிராம் போதாது, தினம் 4 மில்லிகிராம் தேவை. மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். தண்டு மூடுவது கரு உருவான நான்கு வாரத்துக்குள். நாள் தள்ளிப்போனது தெரிந்தபின் தொடங்கினால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.