சீனர்கள் சொல்லாமல் விடும் மறுபாதி

கேள்வி: சீன மொழியில் பாதியை மட்டும் சொல்லிவிட்டு மீதியைக் கேட்பவரிடமே விட்டுவிடும் சொலவடைகள் உண்டாமே? எதிரில் இருப்பவருக்கு அவை எப்படிப் புரிகின்றன?

உண்டு. சியெஹோயு என்று பெயர். முதல் பாதியில் ஒரு காட்சி இருக்கும், மறுபாதியில் அதன் கருத்து. எழுதும்போது இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு கோடு போடுவார்கள். பேசும்போது பல நேரம் அந்தக் கோட்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நண்பரிடம் கடன் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். அவர் "களிமண் போதிசத்துவர் ஆற்றைக் கடக்கிறார்" என்கிறார். சொல்லாமல் விட்டது: "தன்னையே காத்துக்கொள்ள முடியவில்லை". ஊரைக் காக்க வேண்டிய சாமியே தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், இதில் உங்களை எங்கே காப்பாற்றுவது? கையில் காசில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிட இது இருவருக்குமே சங்கடம் குறைவு. "நாய் எலி பிடிக்கிறது" என்றால், பூனையின் வேலையில் நாய்க்கு என்ன வேலை, வீணாகத் தலையிடாதே என்று பொருள். இந்த ரகத்தைக் கொஞ்சம் யோசித்தால் வெளியாளும் பிடித்துவிடலாம்.

கதை தெரிந்தால்தான் புரியும் ரகமும் உண்டு. "சோ யூ ஹுவாங் காயை அடித்தார்" என்பது 'மூன்று ராஜ்ஜியங்கள்' நாவலில் வரும் செங்குன்றுப் போர்க் கட்டத்திலிருந்து வந்தது. எதிரி சாவ் சாவை ஏமாற்ற, தளபதி சோ யூ தன் முதிய படைத்தலைவரை எல்லார் முன்னிலையிலும் அடிக்க வைக்கிறார். அடி வாங்குபவரும் அந்தத் திட்டத்துக்கு உடந்தை. மறுபாதி: "ஒருவர் அடிக்கத் தயார், ஒருவர் வாங்கத் தயார்". அநியாய விலைக்கு விற்பவரும் தெரிந்தே வாங்குபவரும் இருக்கும் இடத்தில் இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சிலேடை ரகம். "மருமகன் தாய்மாமனுக்கு லாந்தர் பிடிக்கிறான்" என்பதன் மறுபாதி "சாவ் ஜியூ". 'மாமனுக்கு வெளிச்சம் காட்டுவது' என்றும் கேட்கும், 'வழக்கம்போலத்தான்' என்றும் கேட்கும். புது மேலாளர் வந்த பிறகு அலுவலகம் எப்படி என்று கேட்டால், "மருமகன் லாந்தர் பிடிக்கிறான்" என்பதே போதுமான பதில். "கன்பூசியஸ் வீடு மாறுகிறார்" என்றால் மூட்டை முழுக்கப் புத்தகம். புத்தகத்துக்கும் தோல்விக்கும் ஒரே ஒலி, 'ஷூ'. ஆகவே எந்த ஆட்டத்திலும் தோற்றுக்கொண்டே இருப்பவருக்கு இது பொருந்தும்.

சில இடங்களில் தொனி, அதாவது சீனத்தில் சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கம், சரியாக ஒத்துப்போகாது, யாரும் கண்டுகொள்வதும் இல்லை. "பௌத்தத் துறவி குடை பிடிக்கிறார்" அப்படித்தான். மொட்டைத் தலை, அதனால் முடி இல்லை. குடை மறைப்பதால் வானமும் இல்லை. முடிக்கான 'ஃபா'வும் சட்டத்துக்கான 'ஃபா'வும் தொனியில் வேறு, ஆனாலும் "சட்டமும் இல்லை, வானமும் இல்லை" என்று கேட்டுவிடும். அதாவது, நான் எதற்கும் கட்டுப்பட்டவன் அல்ல. 1970 டிசம்பரில் அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோவிடம் மாவோ தன்னைப் பற்றி இதைத்தான் சொன்னார். அடுத்த ஆண்டு லைஃப் இதழில் வந்த கட்டுரையிலோ, ஓட்டைக் குடையோடு உலகில் தன்னந்தனியாக நடக்கும் துறவி ஆகிவிட்டார்! திமிராகச் சொன்னது சோகக் கவிதையாகிப் போனது.

இதை விடுகதை என்று விளக்குகிறார்கள் பலர். எனக்கு அது ஒப்பவில்லை. விடுகதையில் கேட்பவருக்கு விடை தெரியாது. இங்கே மறுபாதி இருவருக்கும் ஏற்கெனவே தெரியும், அதனால்தான் சொல்லத் தேவையில்லை. சிலேடை ரகத்தை எவ்வளவு மூளையைக் கசக்கினாலும் காட்சியை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முன்பே காதில் விழுந்திருக்க வேண்டும்.

எல்லாம் பழையவை என்றும் நினைக்க வேண்டாம். "விமானத்தில் தொங்கும் வெந்நீர் ஃபிளாஸ்க்" என்று ஒன்று இருக்கிறது: உயரத்தில் இருக்கும் தண்ணீர் பாட்டில், 'காவ் ஷுவெய்பிங்'. உயர்ந்த தரம் என்பதற்கும் அதே ஒலிதான். மாண்டரின் கற்பவர் என்றால் நண்பர்களிடம் தாராளமாக முயன்று பாருங்கள், முதல் பாதியோடு நிறுத்தினால் மீதியை அவர்களே முடித்து வைப்பார்கள். அலுவலகக் கடிதத்தில் மட்டும் வேண்டாம். அங்கே நான்கெழுத்து மரபுத்தொடர்களுக்குத்தான் மரியாதை.