பாஸ்போர்ட்டுக்கு ஏஜென்ட் கேட்கும் 5,000 ரூபாய் நியாயமா?

கூத்தாநல்லூரிலிருந்து அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைக்க, முதல் பாஸ்போர்ட்டுக்கு ஏஜென்ட் 5,000 ரூபாய் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அநியாயம். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் அரசுக் கட்டணம் 1,500 ரூபாய்தான். அம்மா அறுபதைத் தாண்டியவர் என்றால், புதிய பாஸ்போர்ட் என்பதால் பத்து சதவீதம் தள்ளுபடி, 1,350 போதும். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. சிங்கப்பூர் பயணம் அடுத்த மாதமே இல்லையென்றால் அது வீண்செலவு.

பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் நீங்களே பணம் கட்டலாம். ஆனால் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். போலித் தளங்கள் அச்சு அசலாக இருக்கும். அரசுத் தளத்தில் கட்டிய பணம் திரும்ப வராது, ஆனால் ஓராண்டு வரை செல்லும். அதற்குள் தஞ்சாவூர் சேவா மையத்துக்கு நாள் குறித்து, அசல் ஆவணங்களோடு அம்மாவே நேரில் போக வேண்டும். அங்கே எந்த ஏஜென்டும் அவருக்குப் பதிலாக விரல் ரேகை வைக்க முடியாது!